ஈக்குப் போன சீனி

கருப்பட்டிக் காப்பி குடித்து வளர்ந்தவர்கள் நம் வயதில் நிறையப் பேர் உண்டு. சீனி வாங்க வழியில்லாமல் குடித்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் அப்படியில்லை. சீனி இருந்தது. ரேஷனில் வாங்கி, டப்பாவில் அடைத்து, எறும்பு ஏறாதபடி உறியில் தொங்கவும் விட்டிருந்தார்கள். அது எங்களுக்கு இல்லை, அவ்வளவுதான். ஒரு மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டுச் சீனி தேனீக்குப் போனது.

போன வாரம்தான் இதெல்லாம் மறுபடி ஞாபகத்துக்கு வந்தது. இப்போது அகரம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் தேன் பெட்டிகள் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் ஓரிடத்தில் நிலைத்தவன் இல்லை என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். எட்டாம் வகுப்பை முடிக்காமல் கிளம்பியவன். திருப்பூரில் சாயப்பட்டறை, கொஞ்ச காலம் லாரி, பிறகு மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டங்களில் தேனீப் பெட்டி தூக்கும் வேலை. சோறு கிடைத்த இடத்தில் இருந்தேன், கிடைக்காதபோது நடந்தேன். தோப்புக்காரர் மழைக்காலத் தீவனம் கலக்கச் சொல்லிப் பொட்டுக்கடலை மாவு வாங்கிக் கொடுத்தார். சீனியைப் பொடித்து, கொஞ்சம் தேன் விட்டுப் பிசைந்தேன். உள்ளங்கை சூட்டில் மாவு இளகி வாசனை கிளம்பியது. அந்த வாசனையில் தோப்பு இல்லை, நான் இல்லை. சாணார்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஓட்டு வீடும், கிணற்று மேட்டில் மூன்று பெட்டியும், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சித்தியும் இருந்தார்கள்.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. ஆவணி மாதம் ஒருநாள் ஒரு வயர்க் கூடையோடு வந்து இறங்கினாள். அவளைக் கட்டிக்கொடுத்த ஊர் ஒட்டன்சத்திரம் தாண்டிப் பழனி பக்கம். இடது மணிக்கட்டு கோணலாக இருந்தது. அம்மா திண்டுக்கல்லுக்குக் கூட்டிப்போய் ஒரு கன்னியாஸ்திரி மடத்து ஆஸ்பத்திரியில் காட்டினாள். பழைய முறிவு, தப்பாகச் சேர்ந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அது எப்படி முறிந்தது என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துவிடுகிற விஷயங்களில் அது ஒன்று.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு சிஸ்டர், சித்தியின் கையைப் பார்த்த மாதிரியே முகத்தையும் பார்த்திருக்கிறார். பெண்களுக்குத் தேனீ வளர்க்கச் சொல்லிக்கொடுக்கிறோம், வாரம் ஒருநாள் வந்து போ என்றாராம். புரட்டாசி முடியும்போது எங்கள் கிணற்று மேட்டில் மூன்று பெட்டிகள் வந்துவிட்டன. நான்கு கால் ஸ்டாண்டு, ஒவ்வொரு காலுக்கும் அடியில் தண்ணீர் ஊற்றிய தேங்காய்ச் சிரட்டை. எறும்பு தண்ணீரைத் தாண்டாது.

அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, சைக்கிளில் வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். சித்தியின் கல்யாணத்தை முன்னின்று நடத்தியவர் அவர்தான். கட்டிக்கொடுத்த பெண் அக்காள் வீட்டில் உட்கார்ந்திருப்பது அவருக்கு வெளியில் தலை காட்ட முடியாத விஷயம். ஆனாலும் கெட்டவர் இல்லை. கிணற்றுத் திட்டில் உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"பொட்டி நிக்கிற வரைக்கும் அவளும் நிக்கட்டும். பொட்டி கிளம்பிருச்சுன்னா அவளும் கிளம்பிரணும்."

ஈக்குப் பட்டினி வந்தால் கூட்டோடு எழுந்து போய்விடும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். அம்மாதான் சரி என்றாள்.

அந்த வருஷம் மழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை விடவில்லை. சிறுமலை இருக்கிற திக்கில் மலையே இல்லாமல் வெள்ளையாக இருக்கும். மழைவிட்ட நேரத்தில் நான் பெட்டிச் சுவரில் காதை வைத்துக்கொண்டு நிற்பேன். உள்ளே ஒரு சத்தம் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்து ஊரில் பெய்கிற மழையின் சத்தம் மாதிரி. மரப்பலகை என் காதுக்கு இளஞ்சூடாக இருக்கும். அப்படியே கண்ணை மூடினால், நான் நிற்பது தரைமேலா, எங்கோ மிதக்கிறேனா என்று தெரியாது. பிற்பாடு எத்தனையோ ஊரில் எத்தனையோ பெட்டியில் காது வைத்துவிட்டேன். அந்த மிதப்பு திரும்ப வரவில்லை. நமக்கு ஒன்பது வயதில் கிடைப்பதெல்லாம் ஒரு தடவைதான் போலிருக்கிறது.

அப்பா மற்றவர்கள் தோட்டத்துப் பூவையெல்லாம் மூட்டை கட்டி டவுன் பூ மார்க்கெட்டுக்கு ஏற்றிவிடுகிற வேலை பார்த்தார். எங்களைச் சுற்றி மல்லிகையும் சம்பங்கியும் கனகாம்பரமும் கண்ணுக்கெட்டிய வரை. அதனால் சித்தி ஈக்குத் தீனி வைக்க வேண்டும் என்று சொன்னபோது அப்பா சிரித்துவிட்டார். ஊரெல்லாம் பூவாய்க் கிடக்கையில் உன் ஈக்கு மட்டும் என்ன பஞ்சம் என்று கேட்டார்.

"மொட்டுலயே பறிச்சுப்புடுறீக மச்சான். விரியாத பூவுல அதுக என்னத்தக் குடிக்கும்?"

அப்பா அன்றைக்கு மார்க்கெட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே யோசித்திருப்பார் போல. திரும்பி வந்து அம்மாவிடம், மூட்டை மூட்டையாக ஏற்றுகிறேன், அதில் ஒரு பூகூட விரிந்த பூ இல்லை, இது எனக்கு இத்தனை நாள் தோணவே இல்லை என்றார். அந்த மாசத்து ரேஷன் சீனியை அப்படியே சித்தி கையில் கொடுத்துவிட்டார்.

சித்தி தீனி தயார் செய்வதைப் பார்க்க நானும் அக்காவும் அடுப்படி வாசலில் உட்கார்ந்துகொள்வோம். ஒடுங்கின பித்தளை டம்ளர் ஒன்று உண்டு. அதில் ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு டம்ளர் சீனி. தண்ணீர் கொதித்ததும் பாத்திரத்தை இறக்கிவிட்டு, அதற்கப்புறம்தான் சீனியைக் கொட்டுவாள். சீனியை அடுப்பில் வைத்துக் காய்ச்சினால் அடிப்பிடிக்கும், கருகின சீனி ஈயின் வயிற்றுக்கு ஆகாது. அகப்பையால் சுற்றிச் சுற்றிக் கலக்குவாள். கொட்டின சீனி முதலில் வெள்ளை மணலாகக் கீழே சுழலும். பிறகு மணல் கரைந்து நூல் நூலாகத் தண்ணீருக்குள் நெளியும். பிறகு நூலும் இல்லாமல் தெளிந்த தண்ணீர். சீனி எங்கே போனது என்று நான் ஒவ்வொரு தடவையும் ஆச்சரியப்படுவேன். ஈ வயித்துக்குப் போகப் போகுது என்பாள் அக்கா.

அக்காவுக்கு அந்த ஈக்களைக் கண்டாலே ஆகாது. கருப்பட்டிக் காப்பியை முகத்தைச் சுளித்துக்கொண்டே குடிப்பாள்.

"அதுக என்ன மாப்ள வீட்டு ஆளுகளா, சீனி போட்டுக் குடுக்க? நமக்குக் கருப்பட்டி, அதுகளுக்குச் சீனியாக்கும்."

"கருப்பட்டியும் வெல்லமும் அதுகளுக்கு வயித்தால போகும்டி," என்பாள் சித்தி.

"எனக்குந்தான் போகுது," என்பாள் அக்கா.

பாகு ஆறியதும் கண்ணாடிப் பாட்டில்களில் ஊற்றி, ஆணியால் பொடி ஓட்டை போட்ட மூடியால் மூடுவாள். பொழுது சாய வேண்டும். வெளியே போன ஈ எல்லாம் வீடு திரும்பின பிறகுதான் வைக்கலாம். மூன்று பெட்டிக்கும் ஒரே நேரத்தில் வைக்க வேண்டும். ஒரு சொட்டு வெளியே சிந்தக் கூடாது. பகலில் வைத்தாலோ சிந்தினாலோ வாசம் பிடித்துக்கொண்டு ஒரு பெட்டி ஈ இன்னொரு பெட்டிக்குள் கொள்ளைக்குப் போகும், அப்புறம் வெட்டுக்குத்துதான். பெட்டி மூடியை நான் தூக்கிப் பிடிப்பேன். சித்தி பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்ப்பாள். ஈக்கள் ஓட்டையைச் சுற்றி நாக்கை நீட்டிக்கொண்டு வட்டமாக நிற்கும். பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருக்குல்ல என்று அவள் என்னிடம் ரகசியமாகக் கேட்பாள்.

குடிக்கத் தண்ணி போதாது, குஞ்சுகளுக்குக் கெட்டித் தீனியும் வேணும் என்று பொட்டுக்கடலையைத் திரித்துச் சலிப்பாள். அதோடு பொடித்த சீனியும் சொட்டுத் தேனும் சேர்த்துப் பிசைந்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். பள்ளம் அப்படியே நின்றால் பதம் சரி. அதை அடை மாதிரி தட்டி, பெட்டிக்குள் கூடு கட்டியிருக்கிற சட்டங்களின் மேல் வைப்பாள். நாம் தீபாவளிக்குத் தின்கிற மாவுருண்டைதான் அது, நெய் மட்டும் இல்லை. ஓரத்தில் உதிர்ந்ததை எங்கள் இரண்டு பேருக்கும் சமமாகக் கொடுப்பாள். கோணல் கையால் அவளுக்குத் துணி பிழிய முடியாது, குடம் தூக்க முடியாது. ஆனால் ஈ மொய்த்த தேனடையை அந்தக் கையால்தான் தூக்குவாள். அந்தக் கை நடுங்கி நான் பார்த்ததில்லை.

மாசக் கடைசியில் சீனி தீர்ந்துவிடும். அப்போது அம்மா பக்கத்து வீடுகளில் இரவல் கேட்டுப் போவாள். பிள்ளைகளுக்கு என்று சொல்லித்தான் வாங்குவாள். ஈக்கு என்று சொன்னால் யார் தருவார்கள்? எங்களை எதிர்வீட்டு அக்கா பார்த்து, சீனியாத் தின்னும் இப்படிக் குச்சியாக் கெடக்குகளே என்று பரிதாபப்படுவார். அப்படி ஈரமும் மாவு வாசமுமாக மார்கழியைக் கடந்துவிட்டோம். மூன்று பெட்டியும் நின்றன.

தை பிறந்ததும் நத்தம் ரோட்டில் பழனிக்கு நடக்கிற கூட்டம் வந்துவிடும். விடியற்காலைப் பனியில் முதலில் ஆள் தெரியாது. மணிச் சத்தமும் ஆயிரம் பாதங்களின் சரசரப்பும்தான் வரும். பிறகு பனிக்குள்ளிருந்து காவித்துண்டும் பச்சை வேட்டியும் ஒவ்வொன்றாக முளைக்கும். நான் ரோட்டோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். எனக்கு ஊர் தங்காத கால் வந்தது அங்கேதான் என்று நினைக்கிறேன். பெட்டிக்குள் கேட்கிற சத்தமும் அந்தக் கூட்டத்தின் சத்தமும் எனக்கு ஒன்றாகவே கேட்டன.

அந்த வருஷம் அப்பாவும் மாலை போட்டு அந்தக் கூட்டத்தோடு நடந்தார். என்ன வேண்டுதல் என்று அம்மா கேட்டதற்குச் சொல்லவில்லை. பூசம் முடிந்து பஸ்ஸில் திரும்பினார். பாதமெல்லாம் கொப்புளம். கையில் பஞ்சாமிர்த டப்பா.

அடுத்த நாள் காலை சித்தி டவுனில் வகுப்புக்குப் போயிருந்தாள். அப்பா கிணற்றில் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, வாழையிலையைச் சின்னச் சின்னதாகக் கிழித்து வைத்துக்கொண்டு பெட்டிகளின் முன்னால் உட்கார்ந்தார். பெட்டி மூன்றும் நிற்க வேண்டும் என்பதுதான் அவருடைய வேண்டுதல் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. நான்கு மாசம் வெறும் சீனித் தண்ணி குடித்த ஜீவன்கள், முருகன் கொடுத்ததை ஒருவாய் தின்னட்டும் என்றார். மனுஷனுக்கே நோய் தீர்க்கிறது, பூச்சிக்கு ஆகாதா. எங்கள் பக்கத்தில் வேறு எந்த மனிதராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார். பிரசாதத்தை வீட்டில் உள்ள எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். ஈயும் வீட்டில் இருக்கிறதுதானே.

முதல் இரண்டு பெட்டிகளில் இலையோடு வைத்துவிட்டார். மூன்றாவது இலையில் எடுத்து வைத்தபோது ரோட்டில் பூ வண்டி ஹாரன் அடித்தது. அக்காவைக் கூப்பிட்டு இலையைக் கையில் கொடுத்து, துண்ணூறு பூசிக்கிட்டு வையி ஆத்தா என்று சொல்லிவிட்டு ஓடினார்.

அக்கா திருநீறு பூசிக்கொண்டாள். பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். பேரீச்சம்பழத் துண்டை முதலில் தின்றாள். பிறகு கல்கண்டு. பிறகு கண்ணை மூடிக்கொண்டு இலையை நுனியிலிருந்து அடிவரைக்கும் நக்கினாள். நான்கு மாசத்து இனிப்பை ஒரே மூச்சில் வசூல் பண்ணுகிற மாதிரி இருந்தது. என்னைப் பார்த்ததும் விரலில் ஒட்டியிருந்ததை நீட்டினாள். நெய்யும் ஏலக்காயும் பழமும் சேர்ந்த அந்த ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது. இலையைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டு, பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மத்தியானமே முதல் இரண்டு பெட்டிகளின் வாசலில் சண்டை தொடங்கிவிட்டது. சித்தி சாயங்காலம் வந்து மூடியைத் திறந்து பார்த்தாள். சிரட்டையில் விழுந்து கிடந்த சருகைப் பாலமாக்கி எறும்பு ஏறியிருந்தது. நெய் ஒட்டின ஈக்கள் பறக்க முடியாமல் தரையில் ஊர்ந்தன. பஞ்சாமிர்தத்தை இலையோடு எடுத்து, பெட்டியை ஈரத்துணியால் துடைத்தாள். அப்போது அப்பா வந்துவிட்டார். பிரசாதத்தை ஏன் எடுக்கிறாய் என்று பதறினார்.

"இல்ல மச்சான். வேண்டியதத் தின்னுருச்சுக. மிச்சத்தைக் கால் படாத எடத்துல விட்டுட்டு வாரேன்," என்றாள்.

வாய்க்காலில் ஓடுகிற தண்ணீரில் கொண்டுபோய் விட்டாள். அதற்கப்புறம் அந்தப் பெட்டிகளின் முகப்பில் பழுப்புப் புள்ளிகள் விழ ஆரம்பித்தன. வயிறு கெட்ட ஈயின் எச்சம் அது. ரப்பர் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேஸ்திரி, பழம் வைக்காதே, வெல்லம் வைக்காதே, நெய் பட்ட கையால் தொடாதே என்று சொல்லிக்கொண்டே போனபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். என்னடா சிரிப்பு என்றார். பஞ்சாமிர்தம் என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை.

ஒருநாள் உச்சி வெயிலில் முதல் பெட்டி எழுந்தது. அதுவரைக்கும் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. பெட்டி வாசலிலிருந்து பழுப்புத் துணி ஒன்று உருவி உருவி வெளியே வருகிற மாதிரி இருந்தது. துணி மேலே போய் விரிந்தது, சுழன்றது. அம்மா தாம்பாளத்தைத் தட்டினாள். சித்தி வாளித் தண்ணீரை அள்ளி அள்ளி மேலே இறைத்தாள், மழை என்று நினைத்து இறங்கிவிடும் என்று. இறைத்த தண்ணீரெல்லாம் அவள் மேலேயே விழுந்தது. நான் அண்ணாந்து பார்த்தபடி அந்த நிழலுக்கு அடியிலேயே ஓடினேன். வாய்க்காலில் விழுந்தேன். மல்லாந்து கிடந்தபடி பார்த்தபோது அவை தென்னை உச்சிகளுக்கு மேலே, சிறுமலைப் பக்கம், புகை மாதிரி போய்க்கொண்டிருந்தன. துக்கமாக இருக்க வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் அழகாக இருந்தது. இரண்டாவது பெட்டி எப்போது போனது என்று யாரும் பார்க்கவில்லை. திறந்தபோது காலியாக இருந்தது.

மூன்றாவது நின்றது. கொள்ளையடித்து வந்த தேனையும் வைத்துக்கொண்டு முன்னைவிடக் கொழுத்து நின்றது.

இங்கேதான் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் மூன்றாவது பெட்டிக்கு அடியில் அந்த இலையைக் கண்டெடுத்தார். துடைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பிரசாதத்தை மிச்சம் வைத்த பெட்டிகள் ஓடிவிட்டன, வழித்துச் சாப்பிட்ட பெட்டி நின்றுவிட்டது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? இலையைக் கொண்டுபோய் முருகன் படத்தின் பின்னால் செருகி வைத்தார். அக்கா என்னைப் பார்த்தாள். சித்தி அக்காவைப் பார்த்தாள். ஈ நக்கின இலை எப்படி இருக்கும் என்று சித்திக்குத் தெரியும். பிள்ளை நக்கின இலை எப்படி இருக்கும் என்றும் தெரியும். அன்று ராத்திரிச் சோற்றின்போது அக்காவின் தலையில் லேசாக ஒரு குட்டு வைத்தாள்.

பெட்டி பறந்த செய்தி மாமாவுக்குப் போனது. இவள் போகிற இடத்தில் எதுவும் தங்காது, இவளுக்கு ராசி இல்லை என்று அவர் சொன்னதாகக் கேள்விப்பட்டோம். பஞ்சாமிர்தத்தால்தான் போனது என்று சித்தி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் வீட்டில் தனக்காக நடந்த ஒரே மனிதரை, கொப்புளக் காலோடு இருக்கிறவரை, குற்றவாளி ஆக்க வேண்டும். பிரசாதத்தையும் குறை சொல்ல வேண்டும். ராசி இல்லாதவள் என்பதை அவளே வாங்கி வைத்துக்கொண்டாள்.

மாமா சித்தியின் புருஷனுக்கு, எங்கள் சித்தப்பாவுக்கு, ஆள் விட்டார். பங்குனியில் ஒருநாள் இரண்டு பேரும் வந்தார்கள். முருங்கை பூத்து மூன்றாவது பெட்டி ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்த நேரம். சித்தப்பா பெரிய உருவம் ஒன்றும் இல்லை. ஒல்லியாக, வெளுத்த வேட்டியில், யாரையும் நிமிர்ந்து பார்க்காத மனிதர். இவரா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பாயை விரித்து உட்கார்ந்தார்கள். ஊர்க் கதை, மழைக் கதை எல்லாம் பேசி முடித்து மாமா விஷயத்துக்கு வந்தார்.

"பொட்டி கிளம்புனா அவளும் கிளம்பணும்னு அன்னைக்கே சொன்னேன். ரெண்டு கிளம்பிருச்சு."

"ஒண்ணு நிக்குது," என்றார் அப்பா.

"மூணுல ரெண்டு போனப்பறம் ஒண்ணு நின்னா என்ன, நிக்காட்டி என்ன."

அப்பா எழுந்து போனார். முருகன் படத்தின் பின்னாலிருந்து அந்தக் காய்ந்த இலையை எடுத்து வந்தார். அக்கா பாவாடை நுனியை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அப்பா நடந்ததை முதலிலிருந்து சொன்னார். வேண்டுதலைச் சொன்னார், நடந்ததைச் சொன்னார், எந்தப் பெட்டி மிச்சம் வைத்தது, எந்தப் பெட்டி வழித்தது என்று சொன்னார்.

"இந்தா பாரும், ஒரு பொட்டு மிச்சமில்ல. வாங்கிச் சாப்பிட்டது நின்னுருச்சு. இவ இங்கதான் இருக்கணும்னு அவன் சொல்லிப்புட்டான் மச்சான். நாஞ் சொல்லல."

மாமா இலையைக் கையில் வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் எப்படி எதிர்த்துப் பேசுவார்? அடுப்படிக்குள் பாத்திரம் ஒன்று விழுகிற சத்தம் கேட்டது.

"சாமி பேரச் சொல்லிப்போட்டீங்க. நான் என்னங்ணா பேசறது," என்றார் சித்தப்பா. பிறகு கதவோரம் நின்ற சித்தியிடம் நேராகக் கேட்டார். "நீ சொல்லு. வர்றயா, இல்லியா?"

அவளை யாரும் அதுவரை கேட்டதில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. இப்போது உறைக்கிறது. எல்லாரும் பெட்டியைக் கேட்டார்கள், சாமியைக் கேட்டார்கள்.

"நான் வரலீங்க," என்றாள் சித்தி. அந்த ஊரில் பழகின மரியாதையோடுதான் சொன்னாள். "பொட்டி நின்னாலும் வரல. நிக்காட்டியும் வரலீங்க."

சித்தப்பா அவள் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று அம்மா சொன்னதற்கு, இல்லைங்க பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிட்டார்.

அப்பா சாகும்வரை அந்த மூன்றாவது பெட்டியின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்களெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அடுத்த தைப்பூசத்துக்கும் டப்பாவோடு வந்தார். சித்தி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, நானே வச்சிடுறேன் மச்சான் என்றாள். அன்று சாயங்காலம் அக்காவும் நானும் பெட்டிக்குப் பின்னால் இலையோடு உட்கார்ந்திருந்தோம். சித்தி எங்களுக்குக் காவல் நின்றாள். அவர் தப்பாகப் புரிந்துகொண்டதுதான் அந்த வீட்டில் எல்லாரையும் காப்பாற்றியது. நான் எத்தனையோ கெட்டிக்காரர்களிடம் வேலை செய்துவிட்டேன். அவ்வளவு நன்மை செய்த தப்பை இன்னொரு தடவை பார்க்கவில்லை.

சித்தப்பா கிளம்பிய அன்றைக்குத் திரும்புகிறேன். அவர் வாசலைத் தாண்டியதும் சித்தி உள்ளே போய் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்தாள். அந்த வாரம்தான் மூன்றாவது பெட்டியிலிருந்து முதல் தேனடை எடுத்திருந்தாள். முருங்கைப்பூத் தேன். எங்களுக்கே இன்னும் நாக்கில் வைக்கவில்லை.

"வந்த மனுசன் வெறுங்கையோட போக வேணாம். குடுத்துட்டு, பஸ் ஏறுறாரான்னு பாத்துட்டு வா," என்று என் கையில் கொடுத்தாள்.

நத்தம் ரோட்டில் புளியமரத்துக்கு அடியில் அவர் நின்றிருந்தார். மாமா சைக்கிளில் போய்விட்டிருந்தார். பாட்டிலை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். வெயிலில் தூக்கிப் பார்த்தார். அவர் முகத்தில் மஞ்சள் வெளிச்சம் ஒன்று விழுந்து ஆடியது. திண்டுக்கல் பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. பஸ் போய்விட்டது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. திரும்ப வீட்டுக்கு வந்துவிடுவாரோ என்று வழியை மறித்தாற்போல நின்றுகொண்டேன்.

"அவளுக்குக் கை வலிக்குதுங்கறாளா?" என்று கேட்டார்.

"சொல்ல மாட்டாங்க. துணி பிழிய முடியாது. அம்மாதான் பிழிவாங்க," என்றேன்.

அவர் தலையாட்டினார். ரோட்டில் கானல் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த பஸ் வந்தபோது பாட்டிலை எந்தக் கையில் பிடிப்பது, எந்தக் கையால் கம்பியைப் பிடிப்பது என்று தெரியாமல் தடுமாறி ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்து பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டார். பஸ் கண்ணுக்கு மறையும்வரை நின்றுவிட்டு ஓடிவந்தேன்.

சித்தி பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"ஏறிட்டாரா?"

"ஏறிட்டாரு. ரெண்டாவது பஸ்ல."

ஈக்கள் போவதையும் வருவதையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாட்டிலு?"

"மடியில வச்சிருந்தாரு."

"அடப்பாவி, அதுக்கு மூடி சரியா இல்லையே," என்றாள். "ஒட்டன்சத்திரம் தாண்டுறதுக்குள்ள வேட்டியெல்லாம் தேனாப் போயிருமே. வீடு வரைக்கும் எறும்பு கூடவே போகும்."

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். வாயைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை. கோணல் கையைப் பெட்டி மேல் ஊன்றிக்கொண்டு சத்தம் போட்டுச் சிரித்தாள். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, என்னாச்சு, ஈ கொட்டிருச்சா என்று கேட்டாள்.